அப்பாவின் மொட்டைக்கு மூன்று காரணங்கள்

1

உண்மையை ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதையை அப்பாவிடமிருந்து திருடினேன். போன மாதம், 1999 தை மாதம், லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பிறந்தநாள் விழா. கோழிப் பொரியலுக்கும் கேக்குக்கும் நடுவில் அப்பா எழுந்தார். இத்தாலியில் ஒரு பார்பர் தன்னை மொட்டை அடித்த கதையை எத்தனையாவது தடவையோ சொன்னார். கொஞ்சமாக வெட்டு என்று இரண்டு விரலால் காட்டினாராம். அவன் விளங்காமல் முழுவதையும் வழித்துவிட்டானாம். சுப்பிரமணியன் மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இதை எழுதினால் நான் பெரிய எழுத்தாளர் ஆகிவிடுவேன் என்று அங்கேயே தீர்மானித்தேன்.

2

முதல் தொடக்கம்: 'இத்தாலியின் பொன்னிற வயல்களில் மாலைச் சூரியன்—'

சீ! வயல் பச்சையாகத்தான் இருந்தது. சோளம்.

இரண்டாம் தொடக்கம்: 'சபாரத்தினம் ஓர் அகதி. அவருடைய கண்களில்—'

அப்பாவின் கண்களில் ஒன்றுமில்லை ஐயா, எல்லாம் தலையில்தான் இருந்தது! நெற்றியில் எழும்பிப் பிடரியில் இறங்கும் சுருட்டை முடி. பெற்றோல் ஸ்ரேசன் ஷிப்டுக்குக்கூடக் கால்மணி நேரம் சீவிவிட்டுத்தான் போவார்.

சரி, நேராகவே சொல்கிறேன். 1992 ஆவணி. அப்பா, அம்மா டொலறஸ், பன்னிரண்டு வயது நான். வால்தம்ஸ்டோவில் இத்தாலிக்காரர் ஒருவரின் கோப்பிக் கடையில் வேலை செய்த பியற்றிஸ் அன்ரி, முதலாளியின் தம்பியுடைய வீட்டை இரண்டு கிழமை விடுமுறைக்கு எடுத்துத் தந்தார். பதுவை நகருக்குப் பக்கத்தில், சோள வயல் நடுவே. டற்சன் காரின் தலையில் அரிசிமூட்டை. மலை ஏறும்போது கார் கொதித்து நின்றது. அப்பா பாட்டுப் பாடினார். போய்ச் சேர்ந்த அன்றே அம்மா பக்கத்து வீட்டுத் தக்காளியில் ரசம் வைத்தார். அந்த வீட்டுக்காரி ஒரு கோப்பை குடித்தாள், மூக்கைச் சிந்தினாள், ஓடிப்போய்க் குடும்பத்தையே கூட்டி வந்தாள். ஆகா, என்ன நாட்கள்!

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தில் சந்தேகம் வந்தது. அம்மா. என் கதையில் அவர் சும்மா ரசம் வைத்துக்கொண்டு நிற்கிறார். பார்பர் கடைக் கதவு என்ன நிறம் என்று கேட்க அவருக்குப் போன் எடுத்தேன். கதவை விட்டுவிட்டு வேறொன்றைச் சொன்னார்.

1984இல், மன்னார் வீதியில், ஆமி அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது. ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்குரிய நாள். அம்மா கோயிலில் விழுந்து நேர்த்தி வைத்தார்: பதுவை அந்தோனியாரே, அவரை உயிரோடு விட்டால் உம்முடைய கல்லறையடிக்கே வந்து அவருடைய முடியைக் காணிக்கை தருகிறேன்.

(அடிக்குறிப்பு: மன்னாரிலிருந்து இத்தாலிக்கு நேர்த்தி! கேட்டதற்கு அம்மா சொன்னது: "பெரிசாக் கேக்கிறனெண்டால் பெரிசாக் குடுக்க வேணுமெல்லே?")

வியாழக்கிழமை அப்பாவை விட்டார்கள். அப்பாவிடம் அதற்கு வேறு காரணம் உண்டு. ஆமிக் கப்டனோடு இங்கிலிஸில் கிரிக்கெட் பேசினாராம், அவன் மயங்கி விட்டுவிட்டானாம். அதையும் விழாக்களில் சொல்லுவார்.

"தன்ர வாயால தப்பினதெண்டு எவ்வளவு பெருமையா இருக்கிறார். அதை நான் பறிக்கேலுமோ, பிள்ளை?" என்றார் அம்மா. "மனுசன் சைவக்காரர் வேற. எட்டு வரிசம் நான் வாயைத் திறக்கேல்லை. இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போயும் சொல்ல ஏலாமப் போச்சு. நேர்த்தி தவறினால் அவருக்கு என்ன ஆகுமோ எண்டு நெஞ்சு பதறிக்கொண்டு நிண்டன். பாத்தால், மொட்டையோட வாறார்! அந்தோனியார் தானே எடுத்துக்கொண்டார்!"

அம்மா சிரித்தார். அழுதார். நானும்தான்.

4

ஆக, பார்பரின் பிழை ஒன்று, அந்தோனியாரின் கை இரண்டு. எந்த மானமுள்ள எழுத்தாளரும் இதோடு நிறுத்திவிடுவார். ஆனால் அந்தக் கடையில் நானும்

[வெட்டிவிட்டேன். திரும்ப எழுதுகிறேன்.]

அந்தக் கடையில் நானும் இருந்தேன். அதற்கு முன் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். லண்டனில் அம்மா பியற்றிஸ் அன்ரியிடம் நேர்த்தியைப் பற்றிச் சொன்னதை ஒட்டுக்கேட்டிருந்தேன். மொட்டை அடித்த அன்று காலை அப்பா கார்க் கண்ணாடியில் தலை சீவிக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வாய்!

சீப்பு நின்றது.

"என்ன கிழமை வேண்டினவவாம்?"

"செவ்வாய்."

அப்பா விரலை மடித்து, செவ்வாய், புதன், வியாழன் என்று எண்ணினார். கார்ப் பொனற்றில் உட்கார்ந்துவிட்டார். "எட்டு வரிசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே," என்றார். பிறகு எழும்பினார். "வா பிள்ளை, பார்பரிட்டப் போவம்."

இரண்டு விரல் எல்லாம் சுத்தப் பொய். அப்பா நெற்றியிலிருந்து பிடரிவரை உள்ளங்கையால் ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார். பார்பர் மாட்டேன் என்றான்! இந்த முடியையா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான், மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினான், அவளும் சேர்ந்து கெஞ்சினாள். மூன்றாம் தரம் காட்டிய பிறகுதான் கத்தியை எடுத்தான். அப்பா முடியைப் பேப்பரில் சுற்றி என் பைக்குள் வைத்தார். அன்று பின்னேரம் பதுவைக் கோயிலில், அம்மா கண்மூடி நின்றபோது, அதைக் கல்லறையடியில் வைத்தது நான்தான்.

"அம்மாட்ட மூச்சு விடக்கூடாது. பார்பர் பிழை விட்டவன். விளங்குதோ?"

"ஏனப்பா?"

"எனக்காகத்தானே மறைச்சவ. அதை நான் பறிக்கேலுமோ?"

5

இப்போது முடிவு. அப்பா கதை படிப்பதில்லை. அம்மா என் கதைகளில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் விடமாட்டார். மூன்றாவது காரணத்தை எழுதினால் அம்மாவின் அற்புதம் போய்விடும். எழுதாவிட்டால், தன் புருசன் தனக்காகச் செய்ததை அவர் அறியாமலே

போன். அம்மா.

"கதை முடிஞ்சுதோ?"

"இல்லையம்மா. முடிவுதான் இழுக்குது."

"பார்பர் விளங்காம வழிச்சதெண்டே எழுது பிள்ளை. அப்பா பாவம், ஏழு வரிசமா அதைக் காப்பாத்திக்கொண்டு திரியிறார்."

"அம்மா! அப்ப உங்களுக்கு—"

"அடுப்பில கறி," என்று வைத்துவிட்டார்.

எனவே முடிவு எழுதப்போவதில்லை. மூன்று காரணங்களும் உங்கள் கையில், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். ஒரேயொரு உதவி. வருகிற சனிக்கிழமை, லண்டனின் பார்க்கிங் என்ற ஊரில் இன்னொரு பிறந்தநாள் விழா. நீங்களும் வாருங்கள். கேக் வெட்டுவதற்கு முன் அப்பா எழும்புவார், இரண்டு விரலைத் தூக்குவார். எல்லாருக்கும் முதல் அம்மா சிரிப்பார். நீங்களும் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.