கலங்கிய பை

அக்காவின் வயிற்றிலிருந்து இறங்கிய நீர் அன்று காலை கலங்கலாக இருந்தது. தம்பி பையைத் தூக்கி, அதன் பின்னால் செய்தித்தாளைப் பிடித்துப் பார்த்தான். கொட்டை எழுத்துகூடத் தெரியவில்லை.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகத்தான் அவளுக்கு டயாலிசிஸ். மருந்து நீரை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுக்க வேண்டும். தினமும் நான்கு முறை. அக்காவுக்குக் கை நடுங்கும் என்று அவளைத் தொடவே விடாமல் எல்லாம் அவனே செய்தான். லேத் பட்டறையிலிருந்து மதியம் ஓடி வருவான். நகக்கண்ணில் ஏறிய எண்ணெய் போகக் கைகளைத் தேய்த்துக் கழுவுவான். பையை மாற்றியதும் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான்.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதிருந்து வலி என்று கேட்டான். நேற்றிலிருந்தே என்றாள். நீ அடித்துப்போட்டாற்போல் தூங்கினாய், எழுப்ப மனசு வரவில்லை என்றாள். அவனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பையையும் எடுத்துப் போனார்கள். போன முறை இப்படிக் கலங்கியபோது, ஆய்வகம் பதில் சொல்லும்வரை காத்திருந்ததில் காய்ச்சல் ஏறி, குழாயையே எடுக்க வேண்டிய நிலை வந்தது. இந்த முறை நர்ஸ் கட்டிலருகிலேயே பையிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்து, கிருமித் தொற்று இருந்தால் நிறம் மாறும் ஒரு காகிதப் பட்டையை நனைத்தாள். மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொள்வதற்குள் பட்டை கருநீலமாகிவிட்டது.

கிருமித் தொற்றுதான் என்றாள் நர்ஸ். என்ன கிருமி என்பதை ஆய்வகம் பிறகு சொல்லட்டும், மருந்தை இப்போதே தொடங்கலாம் என்று டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

தம்பி தன் கைகளையே பார்த்தான். "என் கையாலதான் வந்திருக்கும்க்கா."

"கழுவிக் கழுவி உன் கையில ரேகையே இல்ல. போடா."

சில நாள் இங்கேயே இருக்க வேண்டும், பையை நாங்களே மாற்றுவோம் என்று டாக்டர் சொன்னபோது, அவனுக்குள் எதுவோ தளர்ந்து இறங்கியது. நிம்மதிதான். உடனே வெட்கமாகவும் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒளிக்காத," என்றாள் அக்கா. "எனக்கும் அப்படித்தான் இருக்கு. எந்நேரமும் உன் தூங்குமூஞ்சியையே பார்த்து அலுத்துப்போச்சு. வீட்டுக்குப் போய்ப் படு."

போய்ப் படுத்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மருந்து பிடித்துக்கொண்டது, நீர் தெளிந்தது, குழாய் தப்பியது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அக்கா நர்ஸை நச்சரித்து, நடுங்கும் விரலால் குழாயை எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் மதியப் பை தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பக்கத்தில் நின்று பார்த்தான். ஆமை வேகம்தான், ஆனால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் பட்டறையில், ஒரு மூலையில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டான். ஒருமுறை போன் செய்தான். வேலையா இருக்கேன், அப்புறம் பேசு என்று வைத்துவிட்டாள்.