கருவாட்டுக்குக் காலை மாத்திரை

1 அக்டோபர் 2025, புதன்கிழமை

இன்று காலை கருவாட்டுக்கு மாத்திரை கொடுக்கத் தவறிவிட்டேன். அம்மாவும் தவறிவிட்டாள் என்று எழுதினால் பாரம் பாதியாகும். ஆனால் நானும் வீட்டில்தான் இருந்தேன்.

கருவாடு எங்கள் நாய். அக்கா இளமதி பழவேற்காட்டில் தோழி வீட்டுக்குப் போனபோது, மீன் காயப்போட்ட பாய் மேல் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தாள். கவரைப்பேட்டை வரும்வரை பேருந்தில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். அதனால் இந்தப் பெயர். இரண்டு வயதில் அதற்கு வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் மாத்திரை. ஆயுள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

காலையில் நான் ஏழு மணிக்கே கம்பெனி பஸ்ஸில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்விடுவேன். சாலைக்கு அந்தப் பக்கத்துத் தொழிற்சாலையில் எட்டு மணிச் சங்கு ஊதியதும் அம்மா இட்லித் துண்டில் மாத்திரையை ஒளித்துக் கொடுப்பாள். இரவு மாத்திரை என் பொறுப்பு. வேலை முடிந்து மாலை வகுப்புக்கும் போய்விட்டு வந்து கொடுப்பேன். இன்று ஆயுத பூஜை. எல்லாக் கம்பெனிக்கும் விடுமுறை, சங்கு ஊதவில்லை. நான் வீட்டில் இருப்பதால் நானே கொடுத்திருப்பேன் என்று அம்மா நினைத்துவிட்டாள். நானோ இன்று ஊதாது என்பதே உறைக்காமல், சங்கு ஊதட்டும் என்று வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இதை வேறு எந்த நாளில் செய்திருந்தாலும் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். நாளை அக்கா வருகிறாள், கருவாட்டை அழைத்துப் போக. கல்யாணமாகி வேப்பம்பட்டுக்குப் போனபோது வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள். இப்போது சொந்த வீடு. மாமா அன்புசெல்வன் மட்டும், வலிப்பு நின்றால்தான் என்று சொல்லியிருந்தார். பொங்கலுக்குப் பிறகு வலிப்பு ஒருமுறையும் வரவில்லை. இன்று வந்துவிட்டது.

வண்டிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற கருவாடு திடீரென ஒருபக்கமாகச் சாய்ந்தது. நான்கு கால்களும் தண்ணீரில் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன. வாயில் நுரை. வண்டியைத் தள்ளி நிறுத்தி, என் சட்டையைக் கழற்றி அதன் தலைக்குக் கீழே வைத்தேன். அம்மாவின் கூச்சல் கேட்டு அடுத்த வீட்டு முனுசாமி அண்ணன் சாவிக்கொத்தோடு ஓடிவந்தார்.

“இந்தா, இரும்பு! கைல குட்றா!”

“நாய்க்கு ஏதுண்ணா கை?”

“முன்னங்கால்ல வைடா! படிச்சவன் மாதிரி பேசிக்கினு நிக்கிறான்.”

வேண்டாம், எதுவும் வைக்கக் கூடாது, பிடித்து அழுத்தவும் கூடாது என்றேன். அவர் கேட்கவில்லை. சாவிக்கொத்தைக் காலருகே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். வலிப்பு நின்றபோது தன் சாவியால்தான் என்று நம்பினார். நான் மறுக்கவில்லை.

வலிப்பைவிட அதற்குப் பின் வரும் நேரம்தான் எனக்குக் கஷ்டம். கருவாட்டுக்கு யாரையும் தெரியாது. சுவரில் முட்டிக்கொண்டு நடந்தது. என்னைப் பார்த்து உறுமியது. பிறகு அக்காவின் பழைய அறைக்குள் போய், கட்டில் இருந்த இடத்தில், இப்போது வெறும் தரை, முகர்ந்து முகர்ந்து நின்றது. தினமும் அதற்குச் சோறு வைப்பவன் நான். ஆனால் எல்லாம் மறந்துபோன நேரத்தில் அது தேடுவது அவளை. கருவாட்டைப் பார்த்தபோது எனக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அதே சமயம், அது என்னை ஒருமுறையாவது அப்படித் தேடாதா என்றும் இருந்தது.

“இளமதிகிட்ட சொல்லாதடா,” என்றாள் அம்மா. “மாப்ள வேணாம்னுடுவாரு. அது அவளுக்காக ஏங்கி ஏங்கி துரும்பாப் போச்சு. பாவம், போய் சேரட்டும்.”

சொல்லாமல் இருப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் கருவாடு இங்கேயே இருந்துவிடும் என்பதும் தெரியும். நேர்மைக்காகச் சொல்கிறேனா, அதை வைத்துக்கொள்வதற்காகச் சொல்கிறேனா? மாலைவரை யோசித்தும் விளங்கவில்லை. எதற்காக என்றாலும் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியதும் போன் செய்தேன். மாத்திரை விட்டுப்போனதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“நெஜமாவே வந்துச்சா? இல்ல, அனுப்ப மனசில்லாம கதை வுடுறியா?” என்றாள் அக்கா.

“நெஜமாதான்க்கா.”

“அனுப்ப மனசு இருக்குதா?”

நான் கருவாட்டின் காதைத் தடவிக்கொண்டிருந்தேன்.

“ஸ்பீக்கர்ல போட்டுக்கினுதான் பேசுறேன். இவரும் கேட்டுக்கினு இருக்காரு,” என்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார்.

“மச்சான், எங்க சித்தப்பாவுக்கு வலிப்பு இருந்துச்சு. சின்ன வயசுல பாத்து பேஜாராயிட்டேன். அதான் வேணாம்னேன். வந்தா இன்னா பண்ணணும்னு தெரிஞ்சா சமாளிச்சிடலாம் இல்ல? நாளைக்கு ஒருவாட்டி காமி. கூட்டிக்கினு போயிடுறோம்.”

“சரி மாமா,” என்றேன். அது என்னிடம் தங்கட்டும் என்றுதான் உண்மையைச் சொன்னேன் என்பது அந்தச் ‘சரி’யைச் சொன்னபோதுதான் எனக்கே தெரிந்தது.

இரவு மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். கருவாட்டுக்கு இப்போது என்னைத் தெரிகிறது. என் கால்மேல் தலைவைத்துத் தூங்குகிறது. கால் மரத்துப்போயிருக்கிறது, எடுக்க மனமில்லை.

நாளை: கருவாட்டைக் குளிப்பாட்ட வேண்டும். மீதி மாத்திரைகளையும் டாக்டர் சீட்டையும் ஒரே பையில் போட வேண்டும். மாமா வந்ததும், வலிப்பு வந்தால் எங்கே உட்கார வேண்டும், தலைக்குக் கீழே எதை வைக்க வேண்டும் என்று காட்டித்தர வேண்டும்.