மூன்று சதவீதம்

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் கஸ்தோனும் அவன் மனைவி ஒடெட்டும் காலை ஏழரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார்கள். கஸ்தோனின் வலது சட்டைக்கையை மணிக்கட்டோடு மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள் ஒடெட். அதற்குக் கீழே கையில்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் வியட்நாமுக்கு வந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கான் ஹொய் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் இருபது வருடமாக மூட்டை தூக்கியவன் அவன். அங்கே திருடிய லாம் என்பவனைப் போலீஸில் அடையாளம் காட்டினான். வெளியே வந்ததும் காட்டிய கையை வெட்டுவேன் என்று லாம் சொல்லியனுப்பினான். அவனுக்கு ஜாமீன் கொடுக்க வேண்டாமென்று ஒடெட் இதே அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். அரசு வழக்கறிஞர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஜாமீனுக்குச் சம்மதித்தார். மூன்றாம் நாள் லாம் சொன்னதைச் செய்தான்.

அந்த அலட்சியத்துக்காக வழக்கறிஞர்மேல் வழக்குப் போட வேண்டும் என்று இருவரும் புகார் கொடுத்திருந்தார்கள். இன்றைக்குப் பதில்.

பெயரைக் கூப்பிட்டதும் மேசைக்குப் போனார்கள். எழுத்தர் கடிதத்தை வியட்நாமியத்தில் வேகமாகப் படித்து முடித்தார்.

"அலட்சியம் நடந்திருக்கு, இல்லேங்கல. ஆனா வழக்குக்கு உடம்புப் பாதிப்பு அறுபத்தோரு சதவீதம் இருக்கணும். மருத்துவக் குழு அம்பத்தெட்டுதான் போட்டிருக்கு."

ஒடெட் தமிழில் புருஷனிடம் கேட்டாள். "மூணு எப்புடிங்க கொறஞ்சுது?"

கஸ்தோன் தரையைப் பார்த்தான். "என்னென்ன செய்ய முடியும்னு டாக்டரு கேட்டாரு. நாற்காலிய இடது கையால தூக்கி, இந்தக் கையால முட்டுக் குடுத்துக் காட்டுனேன்."

"யாரு காட்டச் சொன்னா?"

"டாக்டரு எழுதுற சீட்டு கெடங்கு மேஸ்திரி கையில போவும்னு நெனச்சேன். வேலைக்கு ஆவ மாட்டான்னு எழுதிட்டா?"

மேஸ்திரி சீட்டு எதையும் கேட்கவில்லை. மறுவாரமே கஸ்தோனை நிறுத்திவிட்டார். டாக்டர் பார்த்த அன்று ஒடெட் ஆஸ்பத்திரி வாசலில் பைக்குக்குக் காவல் நின்றிருந்தாள்.

"நானும் உள்ள வந்திருக்கணும்," என்றாள்.

எழுத்தர் பதிவேட்டை அவர்கள் பக்கம் திருப்பினார். மைப்பெட்டியையும் தள்ளிவைத்தார்.

"கடிதம் வாங்கிக்கிட்டதுக்கு ரேகை வைக்கணும். வலது கை ஆள்காட்டி விரல்."

கஸ்தோன் ஊக்கைக் கழற்றினான். சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, மொட்டைக் கையை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். எழுத்தர் குனிந்து அடுத்த கோப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.