தாள் நுழையாத கதவு

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மாப்பிள்ளை ஒரு குழாயில் ஊதினார். மேலே எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில், அதே குழாயின் மறுமுனையைக் கன்னத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"காத்து வருதா மச்சான்?"

"வருது."

"எப்படி வருது?"

"காத்து மாதிரி வருது மாப்ள. வேற எப்படி வரணும்?"

"அது இல்ல. திணறி வருதா, தாராளமா வருதா?"

தாராளமாக வருகிறது என்றேன். அடியிலிருந்து பெருமூச்சு ஒன்று வந்தது. அதுவும் குழாய் வழியாக என் கன்னத்தில்தான் பட்டது. பிறகு அவர் சொன்னார், "மனசுக்குச் சரியா படல. கழட்டிட்டு இன்னும் கொஞ்சம் பெரிய குழா போட்டுரலாம்."

அந்தக் குழாயின் வேலை சின்னது. ஓடிச் சூடான பின்னச்சு, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் இரும்புக்கூடு, திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். தண்ணீரை உறிஞ்சிவிடாமல் இருக்க, அதன் மூச்சுத் துளையை ஒரு குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. முதலில் ரப்பர் குழாய் போட்டார், வெடித்துவிடும் என்று கழற்றினார். அடுத்தது பிளாஸ்டிக், மடங்கிவிடும் என்று கழற்றினார். இப்போது இருப்பது நைலான். மூன்றும் என் ஹார்டுவேர் கடைச் சரக்குதான். வாங்குகிறவன் வாங்கிக்கொண்டே இருந்தால் விற்கிறவனுக்கு என்ன நோவு என்று கேட்பீர்கள். கல்லாவுக்கு நோவு இல்லை. ஆனால் வாங்கியவன் என் தங்கையின் புருஷன். தங்கையோ ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். ஆற்றின் மேல் இருந்த பாலம் போன மழையோடு போய்விட்டது.

அந்த லாரி ராணுவம் கழித்துப் போட்டது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். கல்யாணமான புதிதில் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ரோடே இல்லாத இடத்துக்கெல்லாம் உன்னைக் கூட்டிட்டுப் போறேன், கால் நனையாம ஆத்தைக் கடக்கலாம்" என்று தங்கையிடம் சொன்னார். அவளும் அன்றே ஒரு பெட்டியில் துணி அடுக்கினாள். லாரியில் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் இன்னொன்று முளைத்தது. வேலை குட்டி போட்டுக்கொண்டே போயிற்று. லாரி வாசலைத் தாண்டியதெல்லாம் வெல்டிங் பட்டறைக்கும் திரும்ப வாசலுக்கும்தான். பெட்டியில் இருந்த துணியை அவள் எடுத்து உடுத்திக் கிழித்தும்விட்டாள். கடைசியில் நர்ஸ் வேலைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆள் கேட்டார்கள் என்று தெரிந்ததும், யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் பேசலாம். சரக்கு பிடிக்கவில்லை என்று சொல்கிற வாடிக்கையாளரைப் பேசி வழிக்குக் கொண்டுவரலாம், பேசாமல் படியிறங்கிப் போகிறவரை என்ன செய்ய முடியும்?

அவளுடைய வேலை ஒப்பந்தம் முடியப் போகிறது. போன வாரம் எனக்குத்தான் போன் போட்டாள்.

"அண்ணே, இன்னும் ஒரு வருஷம் இருக்கியானு கேக்கறாங்க. பெரிய மழை இறங்கறதுக்குள்ள அவர் வந்தா ஏறி வந்துடறேன். வரலன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

"படகு ஓடுதில்லம்மா? அதுல வந்துடேன்."

"வரலாம். எனக்கு வரத் தெரியும். அவருக்கு வரத் தெரியுமான்னுதான் பாக்கணும்."

"அவருகிட்ட நீயே சொல்லலாமே."

"சொன்னேன். கதவு ரப்பர் மட்டும் மாத்திட்டு வந்துடறேன்னாரு." "பாலம் இருந்தப்ப நான் கேட்டேனா? இப்ப அந்த லாரி ஒண்ணாலதான் முடியும். இதுக்குத்தானே அதைக் கட்டிக்கிட்டு அழறாரு?"

கதவு ரப்பர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் தொழில் குளிர்கிடங்குக் கதவுகளைச் சரிபார்ப்பது. மீனும் பழமும் பாலும் அடுக்கிய அறைகளில் வெளிக்காற்று புகுந்தால் சரக்கு நாறிவிடும். கதவை மூடும்போது நிலைக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தாளை வைப்பார். மூடிவிட்டுத் தாளை இழுப்பார். உருவிக்கொண்டு வந்தால் கதவு தோற்றது. கிழிந்தால் வென்றது. ஊரில் எந்தக் கிடங்குக்காரரைக் கேட்டாலும் இவர் கை பட்ட கதவு என்றால் எமன் வந்தாலும் வெளியே நின்று தட்ட வேண்டியதுதான் என்பார். அந்தக் கையைத்தான் லாரியின் மேல் வைத்தார். எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினார், சரி. மின்சார இணைப்புகளில் எல்லாம் கிரீஸ் அப்பினார், அதுவும் சரி. ஆனால் கதவைச் சுற்றிக் குளிர்கிடங்கு ரப்பர், தரையில் இருந்த வடிகால் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் மூடி, பின்னால் இரும்புப் பெட்டிக்கும் பசை பூசிய மூடி. கேபினில் எங்கே தாள் வைத்து இழுத்தாலும் கிழிந்தது. ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி எப்போதும் கிழிந்த தாள்கள் கிடந்தன.

"மாப்ள," என்றேன் அன்று, குழாயைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு. "பெரிய குழா கடையில ஸ்டாக் இல்ல."

இருந்தது. பொய் சொல்லி வியாபாரம் பண்ணியவர்கள் உண்டு. பொய் சொல்லி வியாபாரத்தைத் தடுத்தவன் எங்கள் பரம்பரையில் நான்தான்.

"அப்ப வர்ற வரைக்கும் காத்திருக்கலாம்."

"வராது. கம்பெனியே மூடிட்டான். நாளைக்குக் காலையில கல்குழிக்குப் போறோம். இறக்கிப் பாக்கறோம்."

கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பள்ளம் அது. ஒரு பக்கம் லாரி இறங்கும் சரிவு, மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக நின்றது. லாரியின் பின் கொக்கியில் ஒரு தடித்த கயிற்றைக் கட்டி மறுமுனையை என் சரக்கு வேனில் கட்டினோம். விசிறி தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்காமல் இருக்க அதன் பெல்ட்டைத் தளர்த்தினார். முன்பக்கம் தார்ப்பாய் கட்டினார். அவிழ்த்தார். மறுபடி கட்டினார். முடிச்சு அழகாக இல்லையாம். நான் ஒரு பாறையில் உட்கார்ந்து என் பல்லை நானே கடித்துக்கொண்டிருந்தேன். இந்த நேரத்தில் படகுக்காரன் நாலு நடை போய் வந்திருப்பான்.

ஒருவழியாக இறங்கினார். தண்ணீர் சக்கரத்தை மூடியது, விளக்கை மூடியது, எஞ்சின் சீராக உறுமியது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. தண்ணீர் கதவின் பாதியைத் தொட்டபோது ஏதோ மாறியது. எஞ்சின் சத்தம் அப்படியேதான் இருந்தது, லாரிதான் போகவில்லை. பின்பக்கம் மெதுவாக எழும்பியது. அத்தனை இரும்பும், தண்ணீரில் தவறிவிட்ட சோப்புப் பெட்டி மாதிரி, ஆடி அசைந்து ஒருக்களித்துத் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் மாப்பிள்ளை ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றினார். சக்கரங்களும் திரும்பியிருக்கும். தரை இருந்தால்தானே.

வேனைப் பின்னுக்கு எடுத்து இழுத்தேன். கரையேறியதும் கதவைத் திறந்தார். குளிர்கிடங்குக் கதவு மாதிரியே பொசுக்கென்று சத்தம் வந்தது. கேபின் தரையில் விரித்து வைத்திருந்த தாளைக் கையில் எடுத்து என்னிடம் காட்டினார்.

"ஒரு சொட்டு இல்ல மச்சான்."

அந்த முகத்தில் சந்தோஷம் இருந்தது. என்னால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"லாரி மிதக்குதுய்யா."

"ஆமா. வெயிட் பத்தல. மணல் மூட்டை ஏத்தணும். அப்ப ஸ்பிரிங் தாங்குமான்னு பாக்கணும். பட்டறைக்கு விட்டா ஒரு பத்து நாள்ல..."

"பத்து நாள்ல ஆறு கடல் மாதிரி போகும். உனக்குப் போக இஷ்டம் இல்லன்னா இல்லன்னு சொல்லு. அவளாவது நிம்மதியா கையெழுத்துப் போடுவா."

மரியாதை நழுவிவிட்டது. மாப்பிள்ளையை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். லாரியின் படியில் உட்கார்ந்தார்.

எங்கள் கிடங்கில் ஒரு தடவை வெள்ளம் புகுந்தது. அப்பா எல்லோரையும் விரட்டிக் காலி டிரம்களில் எல்லாம் தண்ணீரை ரொப்பச் சொன்னார். காலி டிரம்தான் மிதந்து போகும், ரொம்பினது வைத்த இடத்தில் நிற்கும் என்பது அவர் கணக்கு. அதைச் சொன்னேன். கொஞ்சம் தணிந்துதான் சொன்னேன். "மணலும் வேணாம், மூட்டையும் வேணாம். தரையில போட்டிருக்கீங்களே மூடி, அதைப் பிடுங்கி விடுங்க. பின்பெட்டி மூடியைத் திறந்து விடுங்க. தண்ணி உள்ள வரட்டும். வண்டி அதுவா உக்காரும்."

"உள்ள தண்ணி விடச் சொல்றீங்க."

"ஆமா."

"இவ்வளவும் பண்ணிட்டு."

"எல்லாம் என் கடைச் சரக்குதான் மாப்ள. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?"

அவர் சிரிக்கவில்லை. வெகுநேரம் அந்தப் பச்சைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கால் நனையாம கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்," என்றார். "உள்ள தண்ணி வந்தா, அவ காலை எங்க வைப்பா?"

ஆக, இத்தனை வருஷமும் இதுதான். நான் சோம்பல் என்று நினைத்தேன், பயம் என்று நினைத்தேன், கிறுக்கு என்று என் மனைவியிடம் சொல்லியும் இருக்கிறேன். இந்த மனுஷன் அன்று வாசலில் வாய் தவறி விட்ட ஒரு வார்த்தையை, விலை பேசி முடித்த சரக்கு மாதிரி, குறையில்லாமல் ஒப்படைக்கத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் குறையவில்லை. அதை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

"அவ காலைப் பத்தி அவ கேட்டாளா?" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் அவரே என் வீட்டு வாசலில் லாரியோடு நின்றார். "ஏறுங்க மச்சான்." ஏறிப் பார்த்தேன். பின்பெட்டி திறந்து கிடந்தது. தரை மூடிகளோ போட்டபடியே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு கட்டி, கயிறுகளையெல்லாம் சேர்த்து ஓர் இரும்பு வளையத்தில் முடிந்து, அந்த வளையத்தைக் கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார். கடைசி விலை சொல்லியும் கொடுக்க மனசில்லாமல் சரக்கின் மேல் கை வைத்திருக்கும் வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன். நான் தங்கைக்குப் போன் போட்டு, வருகிறோம் என்றேன்.

ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. உடைந்த பாலத்தின் தூண்கள் கீழ்ப்புறம் மொட்டையாக நின்றன. அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, கம்பை ஊன்றி, வழியெல்லாம் நடந்தே பார்த்துவிட்டு வந்தார். நடுவில் மார்பு வரை ஆழம், அடியில் கெட்டியான கல். எதிர்க்கரையில் சிலர் நின்றார்கள். அதில் நீலப் புடவை என் தங்கை என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் பார்க்காமலே கியரைப் போட்டார்.

சீராக இறங்கினோம். காலை எடுக்காமல், வேகத்தைக் கூட்டாமல், முன்னால் எழும்பிய அலையைத் தள்ளிக்கொண்டே போனார். நன்றாக ஓட்டத் தெரிந்த ஆள். இத்தனை நாள் ஓட்டாமல் இருந்ததுதான் தப்பு. தண்ணீர் கதவைப் பிடித்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அப்புறம் அந்தப் பழைய அசைவு வந்தது. பின்பக்கம் எழும்பியது. லாரி மெல்லத் தூண்களைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

என் கை வளையத்துக்குப் போயிற்று.

"இருங்க மச்சான்."

"மாப்ள, தூணு."

"தெரியுது. இருங்க."

ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தார். வளையத்தைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார். தூணில் படிந்த பாசி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என்ன நினைத்தாரோ, ஒரே இழுப்பு. மூடிகள் பொட்டுப் பொட்டென்று கழன்றன. தரையில் செம்மண் தண்ணீர் குடைக்காளான்கள் மாதிரி முளைத்து எழுந்தது. கணுக்காலுக்கு வந்தது, கெண்டைக்காலுக்கு வந்தது, சில்லென்றிருந்தது. என் செருப்பு ஒன்று கழன்று, எங்கள் இருவருக்கும் நடுவில், கிழிந்த தாள்களோடு சுற்றியது. லாரி கனத்தது. அடியில் எங்கோ டயர் கல்லைத் தொட்டு நறநறவென்று பிடித்தது. ஸ்டியரிங் அவர் கையில் திடுக்கென்று உயிர் பெற்றது.

"உக்காந்துடுச்சு," என்றார், யாரிடமோ சொல்வது போல.

லாரியின் மூக்கைத் திருப்பி மேட்டைப் பார்த்து ஏற்றினார். அப்போதுதான் முதல் முறையாகக் கரையைப் பார்த்தார், நானும் பார்த்தேன். தங்கையின் துணிப்பெட்டி அவளுக்குப் பின்னால் காய்ந்த கல் ஒன்றின் மேல் இருந்தது. அவள் கையை ஆட்டவில்லை, கூப்பிடவுமில்லை. செருப்பைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, புடவைக் கொசுவத்தை இன்னொரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எழுப்பிய அலை வந்து வந்து அடிக்க, முழங்கால் வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.