மயிலுக்குக் கிடைத்த பதில்

சோலையப்பனுக்குப் பேச்சு போய்விட்டது என்ற செய்தியை வல்லத்திராக்கோட்டையில் பாதிப் பேர் முதலில் நம்பவில்லை. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பேப்பர் படிக்கிறவன் பேப்பரை மடித்து வைத்துவிடுவான். அப்பேர்ப்பட்ட வாய். தை மாதம் ஒரு காலை, மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே சாய்ந்தார். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றையும் வாதம் ஒரே அடியில் கொண்டுபோனது. புதுக்கோட்டையில் வைத்தியம் பார்த்ததில் கால் கொஞ்சம் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. ஒரே ஒரு சத்தம்தான் மிஞ்சியது. “ஏயாவ்.”

பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான், குவைத்திலிருந்து மகன் குணசேகரன் போனில் வந்தாலும் அதுதான்.

“நீங்க பேசுறது எல்லாம் அவருக்கு வெளங்கும்மா,” என்று சோலையப்பனின் மனைவி செவந்தியிடம் டாக்டர் சொன்னார். “அவரு சொல்ல நெனைக்கிறதும் உள்ளுக்குள்ள இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சுப் போச்சு. பொறுமையாப் பாத்துக்கங்க.”

செவந்தி பொறுமையாகத்தான் பார்த்துக்கொண்டாள். மாடும் ஆடும் வளர்த்தே காலத்தை ஓட்டியவள் அவள். கத்துகிற உயிருக்கு ஏதோ ஒன்று வேண்டும், அது என்னவென்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் கத்தல் நின்றுவிடும். அவள் கற்ற சாஸ்திரம் இவ்வளவுதான், அது ஒரு மாட்டிடமும் பொய்த்ததில்லை. ஆகவே ‘ஏயாவ்’ என்று கேட்டதும் தண்ணீர்ச் செம்போடு ஓடுவாள். அவர் இடக்கையால் செம்பைத் தள்ளுவார். மூத்திரச் சட்டியை எடுப்பாள். இல்லையென்று தலையசைப்பார். ஃபேனைக் கூட்டுவாள், குறைப்பாள், டிவியைப் போடுவாள், தலையணையை மாற்றுவாள், முதுகைத் தேய்ப்பாள். கடைசியில் மறுபடியும் செம்பை நீட்டும்போது மனுஷன் அலுத்துப்போய் இரண்டு மடக்கு குடித்துவிடுவார். “தண்ணிதான் கேட்டிருக்கீங்க, அப்பறம் என்னத்துக்குத் தள்ளுனீங்க,” என்பாள் செவந்தி, ஜெயித்த மாதிரி.

பகலில் எப்படியோ சமாளித்துவிடுவாள். பொழுது சாயும்போதுதான் அவள் பாடு திண்டாட்டம். வீடு அவர்களுடைய புன்செய்க் கொல்லையின் மேற்குக் கோடியில் இருந்தது. கிழக்கே தைலமரக் காடு. நடுவில் இருந்த செம்மண் நிலம்தான் அவர்கள் பிழைப்பு. வெயில் தாழ அவள் கொல்லையில் இறங்கிக் களை கொத்துவாள். வீட்டு வாசலில் தகரக் கொட்டகையின் கீழ் கட்டிலில் கிடக்கிறவர் அப்போதுதான் ஆரம்பிப்பார். “ஏயாவ்.” களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். வந்து நின்றதும் வாயை மூடிக்கொள்வார். அவள் முகத்தைப் பார்ப்பார். செம்பைப் பார்ப்பார். திரும்பிப் படுத்துக்கொள்வார். அவள் மறுபடி கொல்லைக்குப் போய் நாலு செடி கொத்தியிருக்க மாட்டாள், மறுபடி “ஏயாவ்.”

ஒருநாள் பொறுக்க முடியாமல், “என்னன்னு சொல்லித் தொலைங்களேன்,” என்று கத்திவிட்டாள். சொல்ல முடியாதவரைப் பார்த்துச் சொல் என்றது அடுத்த கணமே அவளுக்கு உறைத்தது. அடுப்படியில் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கூடவே வாழ்ந்த மனுஷன் என்ன கேட்கிறார் என்று தெரியாமல் போய்விட்டதே, இதைவிட ஒரு பெண்ணுக்கு என்ன கேடு வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தெரியாத பதில் மயிலுக்குத் தெரிந்திருந்தது. அவர் ஒருமுறை கத்தினால் தைலமரக் காட்டிலிருந்து ஒரு மயில் அகவும். அவர் திரும்பவும் கத்துவார். அதுவும் விடாது. இருட்டும்வரை இது நடக்கும்.

“முருகன் வாகனமே பதிலு சொல்லுதுன்னா சும்மா இல்லக்கா,” என்றாள் பக்கத்துக் கொல்லை பரிமளா. “வெராலிமலைக்கு நேந்துக்கங்க.” செவந்தி நேர்ந்துகொண்டாள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

பேச்சிருந்த காலத்தில் சோலையப்பன் மயில்களின் சத்தத்தைப் பிரித்துச் சொல்வார். கொக் கொக்கென்று பதறினால் நாய் வருகிறது, ஆட்டைப் பிடித்துக் கட்டு என்பார். செவந்தியின் காதுக்கு எல்லாம் ஒரே கூப்பாடுதான். கல்யாணமான புதிதில், அந்தி நேரத்து அகவலைக் காட்டி அவள் கேட்டாள். “இந்நேரம் என்னத்த வேணும்னு கத்துது? எரையா, சோடியா?”

“ஒண்ணும் வேணும்னு இல்ல,” என்றார். “நான் இங்கிட்டு இருக்கேன், நீ எங்கிட்டு இருக்கங்குது. இன்னொண்ணு அங்கிட்டு இருந்துக்கிட்டு, நானும் இருக்கேங்கும். அம்புட்டுத்தேன்.”

“இதுக்காகவா இந்தக் கத்து கத்துது? பொழப்பத்த பறவ,” என்று சிரித்தாள். அன்றைக்குச் சிரித்ததோடு அதை மறந்தும் போனாள்.

ஆனியில் கடலை விதைத்தாள். விதைத்ததில் கால்வாசியை மயில்கள் கிளறித் தின்றன. மறுபடி ஊன்றினாள். ஆவணியில் காய் பிடித்ததும் சம்பந்தி வீட்டு விருந்துக்கு வருவதுபோல் கூட்டமாக வந்து இறங்கின. கல்லெடுத்து எறிந்தால் சட்டம், அடித்துவிட்டால் சாமி குற்றம். ஒரு பக்கம் விரட்டினால் மறு பக்கம் இறங்கின. ஓடி ஓடி அவள் கால் வீங்கியதுதான் மிச்சம். குணசேகரன் போனில் இதைக் கேட்டுவிட்டு, தன்னோடு குவைத்தில் இருந்துவிட்டு வந்து அறந்தாங்கியில் கடை போட்டிருந்த தமிழ்செல்வனை அனுப்பி வைத்தான்.

தமிழ்செல்வன் கொல்லையின் நடுவில் கம்பம் நட்டு, சோலார் பலகையும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் மாட்டினான். “இது மயிலோட ஆபத்துக் கொரலு சித்தி. ஓடு, எமன் வாரான்னு அதுக பாஷையிலயே சொல்லும். ஊடால நாய் கொரைக்கும், வெடி வெடிக்கும். பழகிரக் கூடாதுல்ல, நான் கடையில இருந்தே போன்ல மாத்தி மாத்தி விடுவேன்.”

மெஷின் முதல்முறை கொக் கொக்கென்று பதறியபோது சோலையப்பன் கட்டிலில் துள்ளி எழப் பார்த்தார். கண்கள் ஆட்டுப்பட்டியைத் தேடின. “ஏயாவ், ஏயாவ்” என்று தொண்டை கிழியக் கத்தினார். செவந்தி ஓடி வந்து நெஞ்சைத் தடவினாள். “நாயெல்லாம் இல்லங்க. மெஷினு. நம்ம கொணா வாங்கிக் குடுத்தது.” அவர் கம்பத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்த மாதிரி மெஷினெல்லாம் நாலு நாள் கூத்து என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் இந்த மெஷின் பலித்தது. மயில்கள் தைலமரக் காட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டன. அந்தியில் சோலையப்பன் கத்தினால் ஸ்பீக்கரில் நாய் குரைத்தது. மறுபடி கத்தினால் வெடி வெடித்தது. சில நாள் பார்த்தார். பிறகு ஒரு தரம் கத்திவிட்டுக் காத்திருந்தார். பிறகு அதுவும் இல்லை.

செவந்திக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைப்பானேன், உண்மையிலேயே நிம்மதி. பொழுது சாயும்வரை நிமிராமல் வேலை பார்த்தாள். “இப்பல்லாம் அப்பா கத்துறதே இல்லப்பா,” என்று மகனிடம் சொன்னாள். “மெஷின் வந்த நேரம் வீட்டுக்கும் நல்ல நேரம்.”

“அப்பாட்ட குடு ஆத்தா, பேசுறேன்.”

போனை அவர் காதில் வைத்தாள். மகன் அங்கிருந்து அப்பா அப்பா என்றான். அந்த ஒரு சத்தம்கூட வரவில்லை. “தூங்குறாரு போல,” என்று போனை எடுத்துக்கொண்டாள். அவர் தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

புரட்டாசியில் கடலை பறித்தார்கள். நல்ல விளைச்சல், செடிக்குச் செடி கொத்துக் கொத்தாகக் காய். பெண்கள் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து காயை ஆய்ந்தார்கள். பரிமளா மட்டும் மீதிச் செடி பிடுங்கக் கிழக்குக் கோடிக்குப் போனாள். கருவேலம் புதர் மறைத்ததில் ஆளே தெரியவில்லை. சற்று நேரத்தில் அங்கிருந்து, “ஊ...ய்,” என்றாள்.

“ஊ...ய்,” என்றாள் செவந்தி, தலை நிமிராமல்.

தைலமரக் காட்டில் சுள்ளி பொறுக்கும் பெண்களின் பழக்கம் அது. மரத்துக்கு மரம் ஆள் மறையும். அதனால் நினைத்துக்கொண்டபோது ஒருத்தி குரல் கொடுப்பாள், இன்னொருத்தி திருப்பிக் கொடுப்பாள். என்ன வேணும் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் இல்லை. செவந்தியின் கை, ஆய்ந்துகொண்டிருந்த செடியோடு அப்படியே நின்றது.

பரிமளா வந்ததும் கேட்டாள். “எதுக்குடி கூப்ட்ட?”

“நான் எங்கக்கா கூப்ட்டேன்? சும்மா கொரலு குடுத்தேன்.”

மடியில் இருந்த காயெல்லாம் சிதற எழுந்து வீட்டுக்கு ஓடினாள். பெண்கள் என்னவோ ஏதோவென்று பார்த்தார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். கட்டிலடியில் மண்டியிட்டு அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“கேட்டுச்சுங்க. நீங்க குடுத்த அம்புட்டுக் கொரலும் எனக்குக் கேட்டுச்சு. நான் இங்கிட்டுத்தான் இருந்தேன். பதிலு சொல்லணும்னு இந்த மரமண்டைக்குத் தெரியல.”

சோலையப்பன் அவளையே பார்த்தார். பிறகு இடக்கையை மெதுவாக நீட்டிச் செம்பை எடுத்தார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அவள் வந்துவிட்டால் குடிக்க வேண்டும் என்று அவர் பழகியிருந்தார்.

செவந்தி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துக் கொல்லைக்குப் போய், கம்பத்திலிருந்து வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

அன்று அந்தியில் பெண்கள் போனபின் கொல்லையின் நடுவில் நின்று, கூச்சத்தை விட்டு, “ஏயாவ்,” என்றாள். குரல் பிசிறடித்தது. வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. மறுநாளும் கொடுத்தாள். அதற்கு மறுநாளும் கொடுத்தாள். புருஷனுக்கு வந்தது பொண்டாட்டிக்கும் தொற்றிக்கொண்டது என்று ஊரில் பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். அவர் பதில் கொடுக்கவில்லை. குரல் கொடுத்தால் செம்போடு வந்துவிடுவாள் என்று பயந்தாரோ என்னவோ. கேட்டால் சொல்லவா முடியும்?

ஒரு மழை பெய்தது. மண்ணுக்குள் தங்கிய கடலை வெளியே தெரிந்தது. பொறுக்கித் தின்ன மயில்கள் திரும்பி வந்தன. அவள் விரட்டவில்லை.

அன்று பொழுது சாய, பறிப்பு முடிந்த வெறுங்கொல்லையில் நின்று வழக்கம்போல், “ஏயாவ்,” என்றாள். வீடு சும்மா இருந்தது. முதுகுக்குப் பின்னால் தைலமரக் காட்டில் ஒரு மயில் அகவியது.

வீட்டிலிருந்து வந்தது. “ஏயாவ்.” நாள்பட்ட துருவோடு, கரகரத்து.

செவந்தி ஓடப் பார்த்த கால்களைப் பிடித்து நிறுத்தினாள். இந்தத் தடவை ஓடக் கூடாது, பதில்தான் கொடுக்க வேண்டும். மூச்சை இழுத்து, “ஏயாவ்,” என்றாள்.

வீடு சும்மா இருந்தது. அவள் காத்திருந்தாள். இன்னொரு தரம், இன்னும் பலமாகக் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. பின்னால் மயில் அகவியது.

“ஏயாவ்,” என்றது வீடு.

அப்புறம் அவள் குரல் கொடுக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். கிழக்கேயிருந்து ஒன்றும் மேற்கேயிருந்து ஒன்றுமாக இரண்டு குரலும் அவள் தலைக்கு மேலே போய் வந்துகொண்டிருந்தன. இருட்டியது.

“நானும் இங்கிட்டுத்தாங்க இருக்கேன்,” என்றாள் செவந்தி, யாருக்கும் கேட்காமல்.