பதினேழாவது கட்டம்

காலை பதினோரு மணிக்கு என் அட்டவணையின் பதினேழாவது கட்டம் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. அலுவலகத்தின் தண்ணீர்ச் செலவை முப்பது சதவீதம் குறைக்க வேண்டும் என்பது அந்தக் கட்டம். முப்பத்தெட்டு குறைந்திருந்தது. நிலைத்த வளர்ச்சித் திட்டம் என்று எங்கள் துறைக்கு ஒன்று உண்டு. நாற்பத்திரண்டு இலக்குகள், அத்தனைக்கும் நான்தான் பொறுப்பு. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நாளெல்லாம் நிறம் பூசிக்கொண்டிருப்பதால் எனக்குப் 'பச்சை மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

இயக்குநர் யாரையும் தேடித் தன் அறையைவிட்டு வருகிறவர் இல்லை. அன்று என் மேசைவரை வந்தார்.

"நாப்பத்திரண்டும் பச்சை! இனிமே மத்த துறையெல்லாம் நம்ம மாதிரியே செய்யணும்னு மேல சொல்லப்போறாங்க. நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. எப்படிக் குறைச்சோம்னு மட்டும் ரெண்டு வரி எழுதிடுங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எப்படிக் குறைந்தது என்று எனக்கே தெரியாது. மாதாமாதம் எண் இறங்கியது, நான் மகிழ்ந்தேன், அவ்வளவுதான். 'ஊழியர்களின் மனமுவந்த ஒத்துழைப்பால் இது சாத்தியமானது' என்று எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. கூட ஒரு தகவல் சேர்த்தால் கனமாக இருக்குமே என்று, கோப்பும் கையுமாக லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போனேன்.

கட்டடத்துக்குத் தண்ணீர் ஏற்றிவிடும் மோட்டார்காரர் தொட்டி நிழலில் உட்கார்ந்து குழாய் மறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மூணாவது மாடி லைனை அடைச்சிட்டேன் மேடம். நாலு மாசமாச்சு."

"எதுக்குங்க அடைச்சீங்க?"

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து நீட்டினார். என் சுற்றறிக்கை. 'அத்தியாவசியமற்ற இடங்களில் நீர் விநியோகத்தை உடனடியாகக் கட்டுப்படுத்தவும்.' கீழே என் கையெழுத்து, கொஞ்சம் அலங்காரமாகவே.

"எது அத்தியாவசியம்னு நீங்க எழுதல. மொத மாடி இயக்குநர். ரெண்டாவது நீங்க. கீழ பொதுஜனம் வருது. மிச்சம் இருந்தது அதுதானே?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் திட்டுவதற்கு அவரிடம் ஒரு தப்பும் அகப்படவில்லை.

மூன்றாவது மாடியில்தான் என் நாத்தனார் வேலை செய்கிறாள். கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். இந்த நான்கு மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டாள். மூன்றாவது முறை வந்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்று டாக்டர் போன வாரம்தான் எச்சரித்தார். தினமும் காலையில் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவள் பையில் வைப்பது நான். சாயங்காலம் அது அப்படியே திரும்பி வரும். "தண்ணி குடிக்கக்கூடவா சோம்பேறித்தனம்?" என்று திட்டிவிட்டு, வீணாக்கக் கூடாதே என்று பால்கனிச் செடிக்கு ஊற்றுவேன். செடி தளதளவென்று வளர்ந்திருக்கிறது.

படியிறங்கிப் போனேன். அந்த மாடிக்குப் போய் ஒரு வருஷமாவது இருக்கும். எண்கள்தான் என்னிடம் இறங்கி வருமே. கழிப்பறைக் கதவில் 'பழுது' என்று ஒட்டிய தாள் பழுப்பேறிக் கிடந்தது. நாத்தனார் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் பாட்டில், கழுத்துவரை தண்ணீரோடு.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "மூணு தடவை எழுதிக் குடுத்தோம் அண்ணி. 'நடவடிக்கையில் உள்ளது'ன்னு பதில் வந்துச்சு."

பதிலளிக்கப்பட்ட புகார்கள், இருபத்து மூன்றாவது கட்டம். அதுவும் பச்சைதான்.

"கீழ போயிருக்கலாமே?"

"ஒவ்வொரு தடவையும் சூப்பிரண்டு முன்னாடி போய் நிக்கணும். 'மறுபடியுமா?'ம்பாரு. அதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்."

"வீட்லயாவது..."

"நீங்க குறைஞ்சிடுச்சு குறைஞ்சிடுச்சுன்னு சந்தோஷமா இருந்தீங்க. அண்ணனும் பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தாரு. எப்படி அண்ணி சொல்றது?"

வெட்கத்தில் உடம்பே கூசியது. மோட்டார்காரரைக் கூப்பிட்டு லைனைத் திறக்கச் சொன்னேன். குழாய்கள் இருமின, துருத் தண்ணீரைத் துப்பின, பிறகு தெளிவாகக் கொட்டத் தொடங்கின. நாலைந்து பெண்கள் எழுந்து வந்து கதவருகே நின்று பார்த்தார்கள்.

கைப்பேசி அடித்தது. இயக்குநர். "மூணே முக்கால் ஆயிடுச்சு மேடம்."

"இதோ வரேன் சார்."

கோப்பைத் திறந்தேன். மதியம் நன்றாயிருந்த வாக்கியம் இப்போது பச்சைப் பொய்யாகக் கண்ணைக் குத்தியது. கையெழுத்துப் போட்டால் இந்த எண் எல்லாத் துறைக்கும் போகும், அங்கேயும் யாரோ ஒரு மோட்டார்காரர் மிச்சமிருக்கும் மாடியைத் தேடுவார். உண்மையை எழுதினால் முதலில் கேட்கப்போவது என் சுற்றறிக்கையைத்தான். எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கும் தண்ணி வருமா அண்ணி?"

வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்த என் விரல்களை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாட்டிலை எடுத்தாள். ஒரே ஒரு மிடறு குடித்தாள். மூடியை இறுக்கித் திருகி, அதே இடத்தில் வைத்தாள்.