குழாயை எடுத்த மதியம்

என் கணவர் இயற்பியல்காரர், நானும்தான். ஒரே ஆய்வகம். அவர் கணக்குப் போடுவார், நான் ஒளித்துகளைப் பிடிக்கும் கருவிகளோடு மல்லுக்கட்டுவேன். எல்லாச் சரிபார்ப்பும் முடியும்வரை சோதனையின் முடிவைத் திறந்து பார்க்கமாட்டோம். ஆசை கண்ணை மறைத்துவிடக்கூடாதே! நல்ல வழக்கம்தான். அதை மருத்துவமனைக்கும் தூக்கிக்கொண்டு வருவார் என்று யார் கண்டது?

எங்கள் மகள் நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்தவள். அன்று மதியம், அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்த கருவியின் குழாயை எடுத்தார்கள்.

"தானா மூச்சு விட்டுட்டா பயமில்ல. கொஞ்ச நேரத்துல தெரிஞ்சிடும். வெளிய உக்காருங்க," என்றார் மருத்துவர்.

உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த மனுஷன் எப்போது நழுவினார் என்றே தெரியவில்லை. செவிலி கதவைத் திறந்து, "அம்மா, வந்து பாருங்க. அவரையும் கூப்பிடுங்க," என்றாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களில் ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் மாடிப்படியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, கூப்பிடறாங்க."

"நீ போ. நான் பார்க்காத வரைக்கும் அவ மூச்சு விடறதும் விடாததும் ரெண்டுமே இருக்கு. பார்த்துட்டா ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிரசவ அறுவையின் வயிற்றுத் தையல் வேறு இழுத்தது.

"மேடைக்கு மேடை என்ன பேசுவீங்க? ஒரு துகளோட நிலை ஒண்ணுன்னு முடிவாக மனுஷக் கண்ணும் வேணாம், மனசும் வேணாம்னுதானே? வேற எது போதும்? சொல்லுங்க."

வாய்மொழித் தேர்வில் மாட்டிய மாணவனைப் போல முனகினார். "கருவி போதும். ஏன், ஒரு காத்துத் துகள் வந்து மோதினாலே போதும். அப்பவே முடிவாயிடும்."

"அப்ப உங்க பொண்ணு நெஞ்சுக்குள்ள காத்து போச்சா இல்லையாங்கறதும் எப்பவோ முடிவாயிடுச்சு. நீங்க இங்க உக்காந்து எதைப் பிடிச்சு வெச்சிருக்கீங்க? எந்திரிங்க."

சொல்லிவிட்டுப் படியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன்; எனக்கும் பயம்தான். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிப் பெட்டிக்குள், உள்ளங்கை அகலம்கூட இல்லாத நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் இல்லை.

"ரொம்ப நேரமா இப்படித்தான். அழுது ஊரைக் கூட்டிட்டு இப்பதான் தூங்குறா," என்றாள் செவிலி.

அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். மருத்துவரையும். எங்கள் தைரியம் திரும்பி வரட்டும் என்று அவள் மூச்சு காத்திருக்கவில்லை. யாரையும் கேட்டுக்கொண்டு அது தொடங்கவுமில்லை. அப்படி அது தானாக வந்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்து விசும்பினார்.

"அப்பா பயந்து ஓடிட்டேன்டி தங்கம். நீ ஓடல."